அப்பா ஆசைப்பட்ட பொம்மைகள்

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் நடந்த கூத்தை நீங்களும்தான் பார்த்தீர்கள். நம்மைப் போன்ற கிழடுகளுக்குப் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். முன்னால் மேசைக்கு மேசை களிமண். பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பொம்மை செய்து மகிழ்வார்களாம். வாரம் முழுக்க வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் கிடந்து, பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு அந்த மகிழ்ச்சிக்காகக் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, பிள்ளைகள் எல்லாம் சிப்ஸ் பாக்கெட்டோடு சறுக்கு மரத்துக்குப் போய்விட்டார்கள். அப்பாக்கள் மட்டும் நாக்கைத் துருத்திக்கொண்டு யானைக்குத் தும்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் அப்பா, மகள் செய்து வைத்த பூனையின் வாலைப் பிய்த்து, அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். அந்தக் குழந்தை அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு அதுவும் சறுக்கு மரத்துக்குப் போய்விட்டது.

நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். இந்தக் காலத்து அப்பாக்களுக்குத்தான் எவ்வளவு பொறுமை, நம் அப்பாக்கள் நம்மோடு இப்படி என்றைக்காவது உட்கார்ந்ததுண்டா என்று என் பக்கத்து நாற்காலிக்காரர் உருகினார். நான் கைதட்டவில்லை. என் அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்து என்ன கிழித்தார் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். அல்சூரில் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று எங்களுடையது. முற்றத்தில் ஒரே குழாய். வீட்டுக்காரம்மா கன்னடக்காரர், குழாயடியில் இடுப்பில் கைவைத்து நின்று யாருக்கு எத்தனை குடம் என்று தீர்ப்பு சொல்வார். அப்பா ஒரு பெரிய அரசாங்கத் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் நீளம், அகலம், உயரம்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். அம்மாவைப் பெண் பார்த்தபோதும் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று அக்கா சொல்வாள். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். நான் அவளுக்கு மூன்று வயது இளையவள், அவள் எங்கே போனாலும் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறவள்.

அப்பாவின் பித்து கொலு. கொலு என்றால் படிகளில் இருக்கும் சாமி பொம்மைகள் இல்லை, அவை அம்மாவின் இலாகா. படிகளுக்கு முன்னால் தரையில் போடுகிறோமே பார்க், அது. மற்ற வீடுகளில் அது பிள்ளைகளின் வேலை. மணலைக் கொட்டி, ராகியைத் தூவிப் புல் முளைக்க வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கப் போட்டு ஏரி என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வரைபடம் உண்டு. ஆடி மாதமே அப்பா வரைபடப் பலகையை எடுத்துவிடுவார். நானும் அக்காவும் அவருடைய ஆட்கள். பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்வார். சேர்ந்து என்றால், அவர் செய்வார், நாங்கள் பிடித்துக்கொள்வோம். அட்டையைப் பிடி, நூலைப் பிடி, விளக்கைப் பிடி, மூச்சைப் பிடி, ஆடாதே. மைதா பசை கிண்டுவது என் பொறுப்பு. பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார். அந்தப் புளித்த நாற்றம் எங்கள் புரட்டாசி முழுக்கச் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும்.

அந்த வருடம் அவர் நம் பெங்களூரையே தரையில் கட்டினார். அட்டையில் சட்டசபைக் கட்டடமான விதான சௌதா. அதன் தூண்களுக்குச் சாக்பீஸ். லால்பாக் கண்ணாடி மாளிகை, கப்பன் பார்க், அதைச் சுற்றி ஓடும் குட்டி ரயில். ரயில் நிஜமாகவே ஓடியது. ஒரு பழைய மேசை விசிறியின் மோட்டாரை, கொலுப்படிக்கு அடுக்கிய பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்து, கப்பியும் வாரும் போட்டு ஓட்டினார். அவர் ஈயம் பற்ற வைக்கும்போது எழும் புகையை நாங்கள் இருவரும் கிட்டே போய் முகர்வோம். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். பிடித்தது அது ஒன்றுதான்.

நகரத்துக்கு ஜனங்கள் வேண்டுமே என்று விநாயகர் சதுர்த்தி முடிந்த கையோடு பாட்டரி டவுன் குயவர்களிடமிருந்து மிச்சக் களிமண் வாங்கி வந்தார். உருட்டி உருட்டி மனிதர்களைச் செய்யச் சொல்லி அக்காவிடம் கொடுத்தார். அவர் கேட்டது குண்டூசித் தலை மாதிரி தலையும் பாதித் தீக்குச்சி உயரமும் உள்ள ஜனங்கள். அவள் கொண்டுவந்து வைத்தது வேறு. ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். ஒருத்தி இடுப்பில் கைவைத்து, கழுத்தை ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு நின்றாள். அது வீட்டுக்காரம்மா என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வாய் நிறையப் பற்பசை நுரையோடு அண்ணாந்து பேசும் மூன்றாம் வீட்டு மாமா. கடிதக் கட்டால் முதுகைச் சொறியும் தபால்காரர். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எதையோ தேடும் அம்மா. முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனால் யார் என்று கேட்கவே வேண்டாம். நான் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. ஒரு பொம்மையை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்.

"ஸ்கேலுக்கு வரலம்மா இது. மனுசன் இவ்ளோ பெருசா இருந்தா விதான சௌதா வாசல்ல எப்டி நுழைவான்?"

எத்தனையோ பேரை நானும் பார்த்துவிட்டேன். எம்.ஏ. படித்த முட்டாள்கள், வெளிநாடு போய் வந்த முட்டாள்கள். தன் கையில் இருக்கும் பொருள் இன்னதென்று தெரியாமல், அது அட்டை வாசலில் நுழையுமா என்று பார்த்த முட்டாளை ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் எனக்கு அப்பாவாகவும் இருந்தார்.

அக்கா வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். அவருக்குத் தேவையான தீக்குச்சி ஜனங்களை மளமளவென்று உருட்டிக் கொடுத்துவிட்டு, தன் பொம்மைகளை வாசல் நடையின் ஜன்னல் மேடைக்குக் கொண்டுபோய்விட்டாள். செருப்பு விடும் இடத்துக்கு மேலே அந்த மேடை. அங்கே ஈரத்துணி போட்டு மூடி வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அங்கே போய் நின்றுகொள்வாள். கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. செய்யும்போது தானாகச் சிரித்துக்கொள்வாள். வாயை ஒரு மாதிரிக் கோணிக்கொண்டு, அந்தப் பொம்மை எப்படி நிற்கப் போகிறதோ அப்படியே தானும் நின்று பார்ப்பாள். அவளுக்கு என்று அந்த வீட்டில் இருந்தது அந்த ஜன்னல் மேடை மட்டும்தான். யாரும் அதைப் பார்க்காததே அதன் சுகம் என்று இப்போது தோன்றுகிறது.

நவராத்திரி வந்தது. தொழிற்சாலை மகளிர் சங்கத்து அம்மாக்கள் வருடா வருடம் ஊழியர்களின் வீடுகளுக்கு வேனில் வந்து, கொலு பார்த்து, பரிசு கொடுப்பார்கள். அந்த வருடம் எங்கள் பக்கம் வருவதற்கு அவர்கள் வைத்த நாள் சரஸ்வதி பூஜை. லீவு நாள், வீட்டில் எல்லாரும் இருப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

தொழிற்சாலைக்காரன் வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலேயே அப்பா தன் கருவிகள் அத்தனையையும் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார். ஸ்க்ரூடிரைவர், குறடு, ஈயம் பற்றவைக்கும் கம்பி, ஸ்கேல், காதுப் பென்சில்கூட. எங்கள் புத்தகங்களும் அம்மாவின் கத்தரிக்கோலும் சேர்ந்து போயின. இனி மறுநாள் விஜயதசமி பூஜை முடிகிற வரை ஒன்றையும் தொடக்கூடாது. மற்ற விஷயங்களில் அப்பா பெரிய பக்திமான் இல்லை. இந்த ஒன்றில் மட்டும் அசையமாட்டார். கருவியை மதிக்காதவன் விரல் மெஷினில் போகும் என்று அவர்கள் ஒர்க்ஷாப்பில் எல்லாருக்கும் நம்பிக்கை.

சாயங்காலம் அம்மா சுண்டலைத் தாளித்துக்கொண்டிருந்தபோது ரயில் நின்றது. அப்பா பெஞ்சுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். மோட்டார் கம்பியின் ஈயப்பற்று விட்டுப்போயிருந்தது. ஒரு சொட்டு ஈயம் போதும். அந்த ஈயம் குங்குமப் பொட்டோடு சாமி முன்னால் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எடுத்துத்தான் பாருங்களேன் என்பது போல அம்மா கரண்டியோடு நின்றாள். கம்பியைக் கையாலேயே முறுக்கினார், பல்லால் கடித்தார், சுவிட்சைப் போட்டு ஒரு தடவை ஷாக் அடித்துக்கொண்டார். ரயில் கப்பன் பார்க்கின் ஓரத்திலேயே நின்றது. அதற்குள் வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது.

பட்டுப்புடவைகள் உள்ளே வந்தன. சுற்றி நின்று பார்த்தன. நன்றாக இருக்கிறது என்றன. ரயில் ஓடும் என்று அப்பா சொன்னார். எங்கே, ஓடட்டும் பார்ப்போம் என்றார்கள். இன்றைக்கு ஓடாது என்றார். ஓடாத ரயிலைச் சுற்றி நிற்பதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடினார்கள். அப்போதுதான் எங்களோடு வந்து நின்றிருந்த வீட்டுக்காரம்மா, ஜன்னல் மேடையில் துணி விலகியிருந்ததைப் பார்த்தார். குனிந்தார்.

"இது நானே!" என்றார். பிறகு கன்னடத்தில், "எஷ்டு சென்னாகிதே", எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அவ்வளவுதான். கழற்றிய செருப்பைப் போடாமலே அத்தனை பேரும் ஜன்னலை மொய்த்துவிட்டார்கள். தபால்காரரை அடையாளம் கண்டுபிடித்து ஒரு கூச்சல். நுரை மாமாவைப் பார்த்து ஒரு கூச்சல். பின்வரிசையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து ஓர் அம்மா என் அம்மாவிடம் நீட்டினார். தரையோடு தரையாகக் குனிந்து, பின்புறத்தை மேலே தூக்கிக்கொண்டு, பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டிருக்கும் ஒரு மனிதன். காதில் பென்சில். உங்கள் வீட்டுக்காரர்தானே என்று அவர் கேட்க, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அடி விழப்போகிறது என்று நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா அந்தப் பொம்மையைக் கையில் வாங்கினார். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்காத ஒரு முகம் அது. எங்களுக்கு முதல் பரிசு கிடைத்தது. ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர். ரிட்டயர் ஆகும் வரைக்கும் அதில்தான் சோறு கொண்டுபோனார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடலாம். அப்பா கண் திறந்தார், மகளின் திறமையை மதித்தார் என்று எழுதி இரண்டு பூ வைத்து அனுப்பலாம். அப்பா கண் திறந்ததுதான் வினையே.

மறுநாள் பூஜை முடிந்து கருவிகளைக் கையில் எடுத்ததும் அவர் பற்றவைத்தது மோட்டாரை அல்ல. வரைபடப் பலகையில் புதுத் தாளைக் குத்தினார். அடுத்த வருடக் கொலு முழுக்க அக்காவின் பொம்மைகள். ஒரு முழு வட்டாரம், ஒரு முழுத் தெரு. அவளுக்கு அவர் கற்றுத் தரப் போகிறாராம். எதைக் கற்றுத் தருவார் என்று யாரும் கேட்கவில்லை. பொம்மைகள் விரிசல் விடுகின்றன, உள்ளே கம்பி வைக்க வேண்டும் என்றார். கம்பி வாங்கி வந்தார். பிளாஸ்டர் வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் அவர் சம்பளத்துக்கு எட்டாத ஒரு பெயிண்ட் பெட்டியை வாங்கி வந்தார். ஓவர்டைமை விட்டார். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, கால் கழுவி, காபியைக்கூட நின்றுகொண்டே குடித்துவிட்டு அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஜன்னல் மேடை வெளிச்சம் போதாது என்று பொம்மைகளை உள்ளே கொண்டுவந்து அலமாரியில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் காலடியிலும் உயரம் எழுதிய சீட்டு.

எங்கள் வரிசை வீடுகள் முழுக்க அவரை மெச்சின. பிள்ளைகளுக்காக இப்படி மெனக்கெடும் மனிதன் உண்டா என்றார்கள். அம்மாவுக்கும் பெருமைதான். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தனக்குப் பிடித்தது மகளுக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்தார் பாவம். அவளுக்குப் பிடித்ததைத் தான் பிடுங்கிக்கொண்டது அவருக்குத் தெரியவே இல்லை. அவளை அவர் திட்டியிருந்தால், பொம்மைகளை உடைத்திருந்தால், அக்கா மறுபடி செய்திருப்பாள். பிடிவாதக்காரி. ஆனால் ஆசையோடு எதிரில் வந்து உட்காருகிறவரை அவள் என்ன செய்ய முடியும்?

பொம்மைகள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கின. கம்பி வைத்த பொம்மை வேறு எப்படி நிற்கும்? இடுப்பில் கைவைத்தவள் இப்போது நேராகக் கைவைத்திருந்தாள். முகத்துக்கு அளவெடுத்துக் கண்ணும் மூக்கும் வந்தன. யாரைப் பார்த்தாலும் யார் என்று தெரியவில்லை. அப்பாவுக்கோ பூரிப்பு. இப்போதுதான் அளவு சரியாக வந்திருக்கிறது என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார். அக்கா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். எனக்கும் விக்கல் வரவில்லை.

கார்த்திகை மாதமாக இருக்க வேண்டும், நல்ல குளிர். அவரைப் போலவே செய்த அந்தப் பழைய பொம்மை காய்ந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. அதற்கு அச்சு எடுக்க வேண்டும், மறுபடி செய் என்றார். அவளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, தரையில் குனிந்து, பின்புறத்தைத் தூக்கி, தலையைத் திருப்பி அவளைப் பார்த்துச் சிரித்தபடி அப்படியே ஆடாமல் நின்றார். பனியனும் லுங்கியுமாக. என் வாழ்நாளில் அவ்வளவு அசட்டுத்தனமான, அவ்வளவு ஆசை பொங்கிய ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அக்கா கையில் மண்ணை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அழுத்தினாள், உருட்டினாள், மறுபடி அழுத்தினாள். அப்பாவுக்கு முட்டி நடுங்கத் தொடங்கியது. அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் அக்கா மண்ணைக் கீழே வைத்தாள்.

"எனக்கு வரலப்பா."

"வரும்டா கண்ணு," என்றார், குனிந்தபடியே. "நான்தான் இருக்கேன்ல."

அக்கா எழுந்து முற்றத்துக் குழாயடிக்குப் போனாள். குளிர்ந்த தண்ணீரில் நகக்கண் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வீட்டுக்காரம்மா தண்ணீர் வீணாகிறது என்று சத்தம் போட்டும் அவள் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவள் களிமண்ணைத் தொடவில்லை. அப்பா கெஞ்சினார், காத்திருந்தார், பெயிண்ட் பெட்டியை அவள் கண்ணில் படும்படி வைத்துப் பார்த்தார். களிமண், போட்டுவைத்த பானையிலேயே காய்ந்து கல்லானது. அடுத்த நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் பார்க்கே இல்லை. அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அவர் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: பெரியவளுக்குக் கையில் கலை இருந்தது, விடாமுயற்சி இல்லை. மாப்பிள்ளையிடம் சொன்னார், பேரனிடம் சொன்னார், ஆஸ்பத்திரியில் நர்ஸிடம்கூடச் சொன்னார். அக்கா பக்கத்தில் நின்று அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நான் கைதட்டவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்காது. மூன்றாவது மாடிக்காரரே, நீங்கள் பேத்தி கிறுக்கியதை ஃப்ரேம் போட்டு லிஃப்ட் பக்கத்தில் மாட்டி, அவளை வாரத்துக்கு மூன்று வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நிச்சயம் புரியாது.

அக்கா இப்போது பொம்மனஹள்ளிப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள். விரல் முட்டுகள் வீங்கிப் போயிருக்கின்றன. மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் வீடு அவளுக்கு. மாதம் ஒரு தரம் மெட்ரோ மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போன மாதம் போனபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. கூப்பிடாமல் உள்ளே போனேன். சமையல்கட்டில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள், வாயைக் கோணிக்கொண்டு, ஒரு தோளை இறக்கிக்கொண்டு. மேடையில் பிசைந்த கோதுமை மாவு. அதன் பக்கத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒருத்தி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தில் இடித்தவனை முறைத்தபடி நின்றாள். கண் இல்லை, மூக்கு இல்லை. மெட்ரோவில் வருகிற நான்.

எனக்குச் சிரிப்பு வந்து விக்கல் எடுத்துவிட்டது. அக்கா திரும்பினாள். என்ன பயம் அந்தக் கண்ணில்! படம் பிடிக்க நான் போனை எடுக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பசிக்கிறது என்றேன்.

அவள் என்னை எடுத்து மாவோடு மாவாகப் பிசைந்து, உருட்டி, தேய்த்து, கல்லில் போட்டாள். நான் எந்தச் சப்பாத்தியில் போனேன் என்று தெரியாது. போட்ட அத்தனையையும் சாப்பிட்டேன்.